அறுபத்து நாலாம் கவிச்செங்கதிர்

இருபத்தொன்பதாம் எண் மேடையில் ஏறுகிறது. என் எண் அறுபத்து நான்கு. ஆளுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்தால் முப்பத்தைந்து நிமிஷத்தில் முடிந்துவிட வேண்டும், ஆனால் இருபத்தேழாம் எண்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் கவிதையை ராகம் போட்டுப் பாடிவிட்டதால் எதுவும் சொல்வதற்கில்லை. ஈரோட்டில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபம். நேற்று இங்கே யாருக்கோ கல்யாணம் நடந்திருக்கிறது. மேடைச் சுவரில் தெர்மோகோலில் வெட்டி ஒட்டிய மாப்பிள்ளை பேர் பெண் பேர் இரண்டையும் எடுக்காமல் அதன் மேலேயே பட்டம் கொடுக்கும் கவிதைப் பேரவையின் பேனரைக் கட்டியிருக்கிறார்கள். மின்விசிறிக் காற்றில் பேனர் விலகும்போதெல்லாம் 'சௌ. வித்யா' என்று தெரிகிறது, மறைகிறது. வித்யா நன்றாக இருக்கட்டும். நூற்றுப் பதினெட்டுப் பேருக்கு இன்றைக்குக் கவிச்செங்கதிர் பட்டம். ஒரு வானத்துக்கு ஒரு செங்கதிர் போதும் என்று நினைத்திருந்தேன், இங்கே நூற்றுப் பதினெட்டு, அதுதான் இவ்வளவு புழுக்கம். மேடையில் ஒருவர் சால்வை போர்த்துகிறார், ஒருவர் கேடயம் கொடுக்கிறார், ஒருவர் இந்தப் பக்கம் பாருங்க என்று சொல்லிப் படம் எடுக்கிறார், இறங்கும் பக்கம் நிற்கும் அம்மாள் அடுத்த எண்ணைத் தயாராக இருக்கச் சொல்கிறாள். ஏறும் பக்கத்திலும் ஒரு அம்மாள், கண்ணாடி போட்டவள், மார்பில் பேட்ஜ். அவளிடம் படிவத்தைக் கொடுத்தால்தான் படி ஏறலாம். படிவம் என் மடியில் இருக்கிறது. நான்காக மடித்த அடையாளம் அதில் விழுந்துவிட்டது. நான்தான் மடித்தேன், காலையில், மடித்துக் கைப்பையில் வைத்து, எடுத்து, பிரித்து, மறுபடி மடித்து.

ஏன் எடுத்துப் பிரித்தேன் என்றால் பழக்கம். காகிதம் கையில் இருந்தால் படிக்க வேண்டும், தாராபுரத்தில் பத்தொன்பது வருஷமாக அதுதான் என் பிழைப்பு. பத்திர எழுத்தர் வசந்தாமணி என்றால் சார்பதிவாளர் அலுவலக வாசலில் எந்த டீக்கடையிலும் கை காட்டுவார்கள். அந்தப் பிழைப்பு காலையில் எங்கே போயிருந்தது என்றுதான் யோசிக்கிறேன். வரவேற்பு மேஜையில் ரோஜாப்பூ கொடுத்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள், கவிஞரே வாங்க என்றார்கள், இங்க ஒரு கையெழுத்துங்க கவிஞரே என்றார்கள், போட்டுவிட்டேன். படிக்காமல் போட்டேன். கவிஞரே என்று இதற்கு முன் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை, அதனால் இருக்கும். எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஏனுங்க, மாமன் மச்சான் விக்கற நிலம்னாலும் முப்பது வருஷத்து வில்லங்கம் பாத்துட்டுத்தான் கைநாட்டு வெக்கோணும் என்று. ஊருக்குத்தான் உபதேசம். சால்வை போடுகிறவர்களிடம் வில்லங்கம் பார்க்கத் தோன்றவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், இது தானமும் இல்லை, பதிவுக் கட்டணம் கட்டித்தான் வந்திருக்கிறேன். இந்தப் பேரவை எத்தனை வருஷமாக இருக்கிறது, போன வருஷம் யாருக்குக் கொடுத்தார்கள், கவிதையைப் படித்துத் தேர்ந்தெடுத்தவர் யார், எதுவும் தெரியாது. வாட்ஸ்அப்பில் ஒரு அறிவிப்பு வந்தது. தாய்மை என்ற தலைப்பில் கவிதை அனுப்பலாம் என்றிருந்தது. இரவு அனுப்பினேன், நான்காம் நாள் காலையில் வாழ்த்துகள் கவிஞரே என்று பதில். நான்கு நாளில் யார் படித்திருப்பார்கள். ஒரு பட்டா மாறுதலுக்கே நாற்பது நாள் ஆகிறது. அந்தச் சந்தேகம் அன்றைக்கே வந்திருக்க வேண்டும், வரவில்லை, அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பக்கத்து மேஜை எழுத்தர்கள் எல்லாம் சேர்ந்து வாசலில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள், என் படத்துக்குப் பக்கத்தில் ஒரு மயிலிறகு. எங்கள் தாராபுரத்தின் தமிழருவியே என்று போட்டிருக்கிறது. மழைக்காலத்தில்கூட எங்கள் பக்கம் அருவி கிடையாது.

முப்பத்தெட்டு. பெரியவர் ஒருவர், கால் நடுங்குகிறது, சால்வை போர்த்தியதும் நேராகிவிட்டார். படிவத்தில் ஐந்தாவது நிபந்தனைதான் சிக்கல். அரை மணி நேரமாக அதில்தான் நிற்கிறேன். மேற்படி கவிதையின் மீதுள்ள அச்சு, மறு அச்சு, ஒலி, ஒளி உள்ளிட்ட சகல உரிமைகளையும் பேரவைக்கு நிரந்தரமாக ஒப்படைக்கிறேன் என்றும், இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ மேற்படி கவிதையில் எவ்விதப் பாத்தியமும் இல்லை என்றும், பேரவை அதைச் சர்வ சுதந்திரமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ளலாம் என்றும் முழு மனதுடன் சம்மதிக்கிறேன். யாரோ எங்கள் தொழில்காரர்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார், கிரயப் பத்திர வாசகம் அப்படியே இருக்கிறது. இந்த வாசகத்தை நானே ஆயிரம் தடவை எழுதியிருப்பேன், கிணறு, காடு, தென்னை மரம், வண்டித்தடம், மாட்டுக் கொட்டகை எல்லாவற்றையும் இப்படித்தான் கை மாற்றிவிட்டேன். கவிதையை மாற்றியதில்லை. கவிதையின் நகலைப் படிவத்தின் பின்னால் குண்டூசி குத்தி வைத்திருக்கிறார்கள், நாங்கள் சொத்து விவரத்தைப் பின்னால் வைப்போமே அந்த இடத்தில். நான்கு எல்லை மட்டும் போடவில்லை. தை மாதம் தொகுப்பு நூல் வருமாம், நூற்றுப் பதினெட்டுக் கவிதைகள், ஆளுக்குப் பத்துப் படிகளாவது வாங்க வேண்டும் என்று ஏழாவது நிபந்தனை. அது போகட்டும், வாங்கிக் கல்யாண வீடுகளில் கொடுத்துக்கொள்ளலாம். ஐந்தாவது போகமாட்டேன் என்கிறது. என் கையெழுத்து அதற்குக் கீழே அழகாக இருக்கிறது, வசந்தாமணி சென்னியப்பன், கடைசி எழுத்துக்கு ஒரு சுழி வேறு. ஆனால் சாட்சிக் கையெழுத்து இல்லை. கூட வந்தவங்க யாராச்சும் போட்டாப் போதுமுங்க கவிஞரே என்றார்கள். அதனால்தான் படிவம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சாட்சி இல்லாத பத்திரம் பாதிப் பத்திரம். எழுதிக் கொடுத்தவர் மனம் மாற அந்தப் பாதியில்தான் இடம் இருக்கிறது.

பக்கத்து நாற்காலியில் அறுபத்து மூன்று, சுலோச்சனா டீச்சர், கோபிசெட்டிபாளையம். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறதாம். கேடயம் வைக்கத் தனியாக ஒரு துணிப்பை கொண்டுவந்திருக்கிறார், அனுபவசாலி. இது அவருக்கு நாற்பத்தோராவது. போன ஞாயிறு கரூர், அதற்கு முந்தின ஞாயிறு பெருந்துறை, அங்கே சாப்பாடு சரியில்லை, இங்கே தேவலை, பந்திக்குப் போனவர் கேசரி இருக்கிறது என்று சொன்னார் என்றார். ஐந்தாவது நிபந்தனையைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டு, இதையெல்லாம் யாருங்க படிக்கறாங்க, என்ற கவிதைல பாதி யாருகிட்ட இருக்குதுன்னு எனக்கே தெரியாது என்று சிரித்தார். அதனால ஒண்ணும் கொறஞ்சு போயிரலீங்க, நாளைக்கு இன்னொண்ணு எழுதிட்டுப் போறேன் என்றார். எனக்குக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் இருந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டும். அப்புறம் அவரே, நான் கேட்காமலே, மேடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "முப்பத்திரண்டு வருசம் நான் பேரு கூப்புட்டேனுங்க, அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப. இப்ப என்ற பேரைக் கூப்புட யாருமில்லீங்க. மைக்குல ஒருக்கா கேட்டா ஒரு வாரத்துக்குத் தாங்குது." அதற்குப் பின் என் இளக்காரத்தை வைத்துக்கொள்ள இடம் இல்லை. அவர் எதற்கு வருகிறோம் என்று தெரிந்து வருகிறார். என்ன கொடுக்கிறோம் என்ன வாங்குகிறோம் என்பதில் அவருக்குக் குழப்பம் கிடையாது. எனக்குத்தான் குழப்பம். ஒரு நாளில் எழுதியதைக் கொடுத்தால் எனக்கும் குழப்பம் இருந்திருக்காது. வீட்டிலேயே வைத்திருக்க வேண்டியதை எடுத்து அனுப்பினேன்.

நாற்பத்தாறு. நாற்பத்தேழு வரவில்லையாம், நாற்பத்தெட்டு. வீட்டில் பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில், ஐம்பத்திரண்டு கவிதைகள் தட்டச்சு செய்து நூல் கோத்து வைத்திருக்கிறது. கோயமுத்தூரில் ஒரு அறக்கட்டளை வருஷத்துக்கு ஒருவருக்குப் பரிசு கொடுக்கிறது, இதுவரை புத்தகம் போடாதவர்களின் முதல் கையெழுத்துப் படிக்கு. கட்டணம் இல்லை, சால்வையும் இல்லை, அவர்களே புத்தகமாகப் போடுகிறார்கள். போன வருஷம் பரிசு வாங்கிய பெண்ணின் புத்தகத்தைத் தேடி வாங்கிப் படித்தேன், ஒரு வாரம் என் கவிதை எதையும் தொடத் தோன்றவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. அந்தப் போட்டியின் நிபந்தனைகள் ஒரே பக்கம். நடுவர்கள் மூன்று பேர், பேர் போட்டிருக்கிறது. தொகுதியில் உள்ள எந்தக் கவிதையும் வேறு தொகை நூலுக்குக் கொடுக்கப்பட்டிருக்கக் கூடாது, எல்லாக் கவிதைகளின் உரிமையும் எழுதியவரிடமே இருக்க வேண்டும். அதை நான்கு தடவை படித்தேன், பென்சிலால் கோடு போட்டுக்கூடப் படித்தேன். கெடுபிடியாகக் கேட்பவர்களின் காகிதத்தை நான்கு தடவை படித்தவள், கவிஞரே என்று கூப்பிட்டவர்களின் காகிதத்தை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. கையெழுத்துப் படி புதன்கிழமைக்குள் அங்கே சேர வேண்டும். இன்றைக்கு ஞாயிறு. நாளைக்குக் கூரியரில் போட்டால் போய்விடும். ஐம்பத்திரண்டில் முதல் கவிதை இதுதான், மடியில் குண்டூசியோடு இருப்பது. எடுத்துவிட்டு ஐம்பத்தொன்றை அனுப்பலாம். அப்படியும் யோசித்தாயிற்று. வாசற்படியைப் பெயர்த்துவிட்டு வீட்டை விற்கிற மாதிரி இருக்கும், வாங்குகிறவன் எதன் மேல் கால் வைத்து உள்ளே வருவான். மற்ற ஐம்பத்தொன்றும் இதற்குப் பின்னால் வந்தவை. இதை எழுதியிராவிட்டால் நான் பத்திரம் மட்டும்தான் எழுதியிருப்பேன்.

கவிதைக்குக் காலி வரி என்று பேர். பிறப்புப் பதிவேட்டில் ஒரு வரி காலி, இறப்புப் பதிவேட்டில் ஒரு வரி காலி, இரண்டு காலிக்கும் நடுவில் ஏழு மாதம் குடியிருந்தாய், பேர் கேட்டு யாரும் வரவில்லை, பேர் சொல்ல நானும் விழித்திருக்கவில்லை. இப்படி ஆரம்பித்து இன்னும் பதினோரு வரி. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நர்சிங் ஹோமில் மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை என்று மட்டும் சொன்னார்கள். பாக்கவேண்டாம் கண்ணு, பாத்தா மறக்க முடியாது என்று ஒரு நர்ஸ் சொன்னாள், பார்க்காததை மறப்பது அதைவிடக் கஷ்டம் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்தான் எடுத்துக்கொண்டு போனார், என் வீட்டுக்காரர், ஒரு துண்டில் சுற்றி, தனியாக. மத்தியானம் போனவர் சாயங்காலம் குளித்துவிட்டு வந்தார். சட்டை ஈரமாக இருந்தது, சாப்பிட்டாயா என்று கேட்டார். அவ்வளவுதான். எங்கே வைத்தார், எப்படி இருந்தது, எதுவும் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கு அப்புறமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வருஷமே பையன் பிறந்தான், இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறான், வீட்டில் பேச வேறு விஷயங்கள் வந்துவிட்டன. பத்திரத் தொழிலுக்கு வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. நாலு சென்ட் புறம்போக்குக்குக்கூட எங்கேயோ ஒரு காகிதம் இருக்கிறது. எங்கள் பெண்ணுக்கு ஒரு காகிதமும் இல்லை. பிறந்த சான்று இல்லை, இறந்த சான்று இல்லை, நர்சிங் ஹோமையும் இடித்து மொபைல் கடை கட்டிவிட்டார்கள். அதனால் ஒரு நாள் வெள்ளைத்தாளில் நானே எழுதினேன். அவளுக்கு இருக்கிற ஒரே பத்திரம் அது. அதைத்தான் சகல உரிமைகளுடன் எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியமும் இல்லை என்று. வாரிசுகள் என்ற சொல்லில் ஒவ்வொரு தடவையும் கண் நிற்கிறது.

ஐந்தாவது நிபந்தனையை அடித்துவிட்டால் என்ன. எங்கள் தொழிலில் அடித்தல் திருத்தல் உண்டு, ஓரத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டு, கடைசியில் அடித்தல் ஒன்று என்று குறிக்க வேண்டும். படி ஏறும் இடத்துக் கண்ணாடி அம்மாள் படிக்கப் போவதில்லை, வாங்கிக் கட்டில் வைப்பாள். ஆனால் ஒருதலையாக அடித்தது செல்லாது, எதிர்த்தரப்பு சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், இது எனக்குத் தெரியும், தெரிந்ததைத் தெரியாதது மாதிரி செய்ய வரவில்லை. வேறு கவிதையைக் கொடுக்கட்டுமா என்று கேட்கலாம். கேட்டேன், அரை மணிக்கு முன்பே கண்ணாடி அம்மாளிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். பேரும் கவிதையும் சான்றிதழில் அச்சாயிடுச்சுங்க, இனி மாத்த முடியாதுங்க, படிவம் குடுத்தீங்கன்னா மேடை, இல்லீன்னா இல்லை என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அவளுக்கு நூற்றுப் பதினெட்டுப் பேரைச் சமாளிக்க வேண்டும். ஒன்றும் வாங்காமல் தாராபுரம் போனால் என்ன ஆகும். ஃபிளெக்ஸ் இருக்கிறது. கேடயம் எங்கீங்க என்பார்கள். முத்திரைத்தாள் விற்கிறவர் இனிப்பு வேறு சொல்லியிருக்கிறார். ஒரு கவிதைதானே என்று ஒரு புறம் தோன்றுகிறது, எழுதியது மனசில் இல்லையா, அதை யாரால் எடுக்க முடியும். நிலத்தை விற்ற எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள், காடு போனா என்னங்க, நெனப்பு இருக்குதில்ல என்று. சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்வார்கள். ஐம்பத்து மூன்று. எனக்குப் பயமாக இருக்கிறது. மேடையைப் பார்த்து அல்ல. சாட்சிக் கையெழுத்துக்குக் கூட வந்திருக்கும் என் வீட்டுக்காரரிடம்தான் போக வேண்டும், அவர் படிப்பார், பின்னால் குண்டூசி குத்தியிருப்பதையும் படிப்பார். நான் கவிதை எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும். என்ன எழுதுகிறேன் என்று காட்டியதில்லை. இதைக் காட்டவே இல்லை.

கூட வந்தவர்களுக்குப் பின் வரிசை. ஓரத்து நாற்காலியில், சுவர் ஃபேனுக்கு நேராக, வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறார். மோட்டார் காயில் கட்டுகிறவர் கை, எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் வார்னிஷ் இருக்கும். என்னைப் படம் பிடிக்க ஃபோனை இரண்டு கையிலும் பிடித்துத் தயாராக வைத்திருக்கிறார், இன்னும் பதினோரு பேர் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும், இருந்தாலும். நிதானமான ஆள். வண்டியைக்கூட நிதானமாகத்தான் ஓட்டுவார், அதிலும் என்னை அலுவலகத்தில் விடப் போகும் வழியில் ஆத்துப் பாலத்தில் சைக்கிள் வேகத்துக்கு வந்துவிடுவார். பின்னால் உட்கார்ந்து எத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன், பாலத்துல என்னங்க தேர் இழுக்கறீங்க என்று. வேகத்தைக் கூட்டமாட்டார். கொடுத்துவிடலாம் என்றுதான் அவரிடம் போனேன். இதை மறைக்க முடியாது. கூட்டம், மைக், சந்தன வாசனை, என் பேர் அச்சான சான்றிதழ், எல்லாம் சேர்ந்து என்னை எழுப்பி நடக்க வைத்தது. சாட்சின்னு இருக்கற எடத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க, நேரமாச்சு என்று பேனாவையும் நீட்டினேன். ஃபோனைச் சட்டைப்பையில் வைத்தார், படிவத்தை வாங்கினார், பேனாவை வாங்கவில்லை. ஏழாம் வகுப்பு வரை படித்தவர், உதடு அசையப் படிப்பார், விரலை வரிக்கு வரி இறக்குவார். ஐந்தாவது நிபந்தனையில் விரல் நிற்காமல் இறங்கியது. பக்கத்தைத் திருப்பினார். காலி வரியில் விரல் நின்றது.

ஐம்பத்தாறைக் கூப்பிட்டார்கள். ஐம்பத்தேழு. அவர் மூன்றாவது வரிக்கு வந்தார், மறுபடி முதல் வரிக்குப் போனார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேர் கேட்டு யாரும் வரவில்லை என்ற வரிக்கு வந்ததும் விரலை அங்கேயே அழுத்தி வைத்துக்கொண்டார், பறந்துவிடும் என்பது போல. மேடையில் யாரோ கைதட்டச் சொன்னார்கள், எல்லாரும் தட்டினார்கள். அவர் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினார். "இது தப்பு புள்ள." என்ன தப்பு என்று கேட்டேனா, கேட்கவில்லை என்று நினைக்கிறேன். "பேரு கேட்டாங்க. ஆத்தோரத்துச் சுடுகாட்டுல காவக்காரன் ஒரு நோட்டு வெச்சிருந்தான். பேரு சொன்னாத்தான் எழுதுவேன், எழுதுனாத்தான் எடம் காட்டுவேன்னான். எனக்கு ஒண்ணும் தோணலை. எதுத்தாப்புல ஆறு போய்ட்டிருந்துது. அமராவதின்னு சொல்லிப்போட்டேன்." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, மோட்டார் ஏன் ஓடவில்லை என்று விவசாயிக்குச் சொல்கிற குரல். "உன்ற கிட்டக் கேக்காம வெச்சிட்டமேன்னு அப்பத்திலிருந்து இருக்குது. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை." அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பாலம் ஞாபகம் வந்தது. தேர் இழுக்கறீங்களா என்று நான் கேட்டதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பத்தொன்பது வருஷமாக, நாளுக்கு இரண்டு தடவை, அவள் பேருக்கு மேல் என்னை உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது, அழவில்லை, அழுகை வெகு தூரத்தில் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது, வர வேண்டிய நேரத்துக்கு வரும். முதலில் வந்தது தொழில் புத்திதான். சொத்து விவரம் தப்பு. பெயர் இல்லை என்று எழுதியிருக்கிறேன், பெயர் இருக்கிறது. யாரும் வரவில்லை என்று எழுதியிருக்கிறேன், இவர் போயிருக்கிறார், ஒரு காவல்காரன் கேட்டிருக்கிறான், ஒரு நோட்டில் ஒரு வரி காலியாக இல்லை. பிழையான பத்திரத்தை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, பேரவைக்கும் இல்லை, கோயமுத்தூருக்கும் இல்லை, சால்வைக்கும் இல்லை.

அறுபத்தொன்று போய், அறுபத்திரண்டு போய், சுலோச்சனா டீச்சர் துணிப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு மேடைக்குப் போனார். அவர் பேரை மைக்கில் நன்றாக, முழுசாகச் சொன்னார்கள். நின்று கேட்டுக்கொண்டார். நான் குண்டூசியை எடுத்தேன். படிவம் தனி, கவிதை தனி. படிவத்தில் என் கையெழுத்தின் மேல் குறுக்காக இரண்டு கோடு போட்டு ரத்து என்று எழுதினேன், இது என் ஒருத்தியால் செய்ய முடிந்த காரியம், சாட்சி விழுவதற்கு முன்னால் எழுதிக் கொடுப்பவருக்கு அந்த அதிகாரம் உண்டு. அறுபத்து நான்கு, கவிச்செங்கதிர் வசந்தாமணி சென்னியப்பன், தாராபுரம் என்று கூப்பிட்டார்கள். என் பேரை மைக்கில் கேட்டது அதுதான் முதல் தடவை, நன்றாகத்தான் இருந்தது, டீச்சர் சொன்னது பொய்யில்லை. இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். கண்ணாடி அம்மாள் எழுந்து பின் வரிசை வரை பார்த்தாள், நான் கை காட்டி இல்லை என்றேன், அவள் தலையாட்டிவிட்டு அறுபத்தைந்து என்றாள். அவ்வளவு சுலபமாக முடிந்தது. அவர் ஃபோனை எடுத்து வைத்திருந்தவர், மேடையையும் என்னையும் பார்த்துவிட்டு, போகலையா என்றார். எழுதி முடிக்கலீங்க, இன்னும் வேலை இருக்குது என்றேன். புதன்கிழமைக்குள் முடியுமா என்று மனசு ஒரு ஓரத்தில் பார்த்துக்கொண்டது. முடிந்தால் அனுப்பலாம், முடியாவிட்டால் அடுத்த வருஷமும் புதன்கிழமை வரும்.

மடியில் கைப்பையை வைத்து அதன் மேல் கவிதைத் தாளை வைத்தேன். நான்காவது வரியில் பேர் கேட்டு யாரும் வரவில்லை என்பதை ஒரே கோடாக அடித்தேன். ஐந்தாவது வரியையும். ஓரத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டேன். எந்த வருஷம், என்ன மாசம், மழையா வெயிலா என்று அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன், பத்திரம் எழுத வரும் கட்சிக்காரரிடம் கேட்பது போலத்தான் கேட்டேன், வேறு எப்படியும் கேட்க வரவில்லை. ஐப்பசி என்றார், தூறல் இருந்தது என்றார், கரைக்கு மேல் ஒரு புளியமரம், அதற்குத் தெற்கே என்றார். கிழக்கே என்னங்க என்றேன், ஆறு என்றார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பிறகு தாளின் உச்சியில், காலி வரி என்ற தலைப்பை அடித்துவிட்டு, அமராவதி என்று எழுதினேன். முதல் தடவை எழுதுகிறேன், ஐந்தே எழுத்து, எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, தாளைத் தன் முழங்கால் மேல் வைத்து, நான் கேட்காமலே, அடியில் சாட்சி என்று எழுதி, சென்னியப்பன் என்று கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு மை காயட்டும் என்று ஃபேன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.